இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயர்

டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடு அவருடையது. கணவர் ஜோகன்னஸ்பர்க்குக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு இரவுகள் வீட்டில் இருப்பதில்லை. வாசகியும், பள்ளிக்குப் போகும் மகளும், 74 வயது மாமியாரும்தான் அந்த இரவுகளில் இருப்பவர்கள். மாமியாருக்கு நுரையீரல் கோளாறு. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இரவெல்லாம் ஓடவேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மின்சாரம் இல்லாமல் தவித்ததும், அடுத்த ஆண்டு லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டின் அட்டவணையைப் பார்த்தே பொழுதைக் கழித்ததும் போதும் என்று 3.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினார்கள்.

அதை வீட்டோடு இணைக்கக் கொழுந்தனார் ஒரு வயர் செய்து கொடுத்திருக்கிறார். அதன் இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை ஜெனரேட்டரில் செருகி, மற்றொன்றைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுவதும் விளக்கு எரிகிறது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும், பிறகுதான் ஜெனரேட்டர் என்று ஐந்து படிகளைத் தாளில் எழுதி வீட்டின் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பெட்டியின் கதவில் வாசகி ஒட்டிவைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக எந்தச் சேதமும் இல்லை. போன மாதம் வேறு வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் இதைப் பார்த்துவிட்டு, தெரு மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சும், வயரிங் பாதுகாப்பானது என்ற சான்றிதழும் வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்.

வாசகி நான்கு கேள்விகள் கேட்கிறார். வரிசை தவறாமல் செய்தாலும் ஆபத்து உண்டா? “ஜெனரேட்டர் ஓடும்போதே எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், உடனே விழுந்தது, அது எங்களைக் காப்பாற்றாதா?” சான்றிதழ் என்பது காசு பிடுங்கும் வேலையா? கொழுந்தனாரின் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது?

அன்புச் சகோதரி, உங்கள் நான்கு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னைத் திடுக்கிட வைத்தது. “மழையில் நனையாமல் இருக்கச் சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட துவைக்கும் இடத்தில் ஜெனரேட்டரை வைத்திருக்கிறோம். அது ஓடிய மறுநாள் காலையில் எனக்கும் மகளுக்கும் தலைவலி. சத்தத்தால் தூக்கம் கெட்டதால் இருக்கலாம்.”

தூக்கம் கெட்டதால்தான் என்று தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, அந்த இரவு வீட்டை ஒட்டி ஒரு பெட்ரோல் என்ஜின் ஓடியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது என்ஜின் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை நாற்றம் வரவில்லையே என்று ஆறுதல் கொள்ள முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது; ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு. தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாத நிலை என்று போகும். தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகள்கூடத் தெரியாது.

உங்கள் மாமியார் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி வைத்திருப்பார். அதில் எண் நன்றாக இருக்கிறதே என்று நம்பவேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் காட்டும். கான்சென்ட்ரேட்டரும் அந்த அறையின் காற்றை இழுத்துத்தான் வேலை செய்கிறது. அதை ஒரு பாதுகாப்பாக நினைக்கக்கூடாது.

ஆகவே இன்றைக்கே ஜெனரேட்டரை அந்த இடத்திலிருந்து வெளியே எடுங்கள். திறந்த வெளியில், எந்தக் கதவு, ஜன்னலுக்கும் குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் இருக்கவேண்டும். இரட்டை வீடு என்பதால் பக்கத்து வீட்டு ஜன்னலும் கணக்கில் உண்டு, அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். மழைக்கு வேண்டுமானால் நான்கு பக்கமும் திறந்த ஒரு சிறு கூரை அதற்கென்று போடலாம். பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாமியாரின் அறையில் வையுங்கள். அலாரம் அடித்தாலோ, ஜெனரேட்டர் ஓடும்போது தலை சுற்றினாலோ, காரணம் தேடாமல் எல்லாரும் வெளியேறிவிட்டு உதவிக்கு அழையுங்கள். தலைவலி வந்த விவரத்தை மாமியாரின் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இனி வயருக்கு வருவோம்.

வரிசை தவறாமல் செய்தால்?

எங்கள் மின்வேலைத் தொழிலில் ஒரு எளிய விதி உண்டு. மின்சாரம் இருக்கும் முனையில் துளைதான் இருக்கவேண்டும். மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் முனையில்தான் முள் இருக்கவேண்டும். சுவரில் துளை, கெட்டிலின் வயரில் முள். விரல் துளைக்குள் போகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. உங்கள் வயர் அந்த விதியைத் தலைகீழாக்குகிறது. ஜெனரேட்டர் ஓடும்போது மறுமுனை சாக்கெட்டிலிருந்து கழன்றால், மூன்று பித்தளை முட்கள் 230 வோல்ட்டோடு தரையில் கிடக்கும். உங்கள் வீட்டில் அந்தத் தரை துவைக்கும் இடத்தின் ஈரத் தரை. யாராவது கால் இடறினால் போதும். ஆங்கிலத்தில் இந்த வயருக்குத் தற்கொலை வயர் என்றே பெயர்.

மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால் நடப்பது வேறு. உங்கள் வீட்டு மின்சாரம் தெருவுக்குப் போகும், தெரு டிரான்ஸ்ஃபார்மரைப் போய்ச் சேரும். 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், மறுபக்கத்திலிருந்து 230 கொடுத்தால் அதை 11,000 ஆக உயர்த்தும். அதற்குத் திசை தெரியாது. “சின்ன மெஷின், தெரு முழுவதையும் தாங்குமா, உடனே நின்றுவிடும்” என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மரம் விழுந்து கம்பி அறுந்து, உங்கள் பக்கத்தில் இரண்டு வீடுகள் மட்டுமே மிச்சம் இருந்தால் நிற்காது. அந்த நேரத்தில்தான் லைனில் ஆள் ஏறுவார்.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு மழை இரவு, அறுந்த லைனைச் சரிசெய்யப் போன ஒருவருடன் உதவிக்கு நின்றேன். சுவிட்சை இறக்கியாயிற்று, பூட்டுப் போட்டாயிற்று. ஆனாலும் அவர் கம்பியைத் தொடுவதற்கு முன், வழக்கம்போல நீளக் கோலில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அது கீச்சிட்டது. இருவரும் பேசாமல் நின்றோம். மழைச் சத்தத்துக்கு நடுவே, தெருக்கோடியில் ஒரு ஜெனரேட்டரின் உறுமல் கேட்டது. அந்த வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் வெளிறிப்போனார். அவர் பொல்லாதவர் அல்ல. குழந்தை அழுததில் அன்றைக்கு மெயினை மறந்துவிட்டார், அவ்வளவுதான். டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் அந்த லைன்மேனுக்கு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் கை சில்லிடுகிறது.

நீங்கள் கவனமானவர் என்பது அந்தத் தாளிலேயே தெரிகிறது. ஆனால் அந்தத் தாளை யார், எந்த நேரத்தில் படிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நள்ளிரவு, இருட்டு, கான்சென்ட்ரேட்டரின் மின்தடை அலாரம் அலறுகிறது, மாமியார் மூச்சுக்குத் திணறுகிறார். அந்த நேரத்தில் யாருடைய நினைவும் தடுமாறும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தால் மகள்தான் அதைச் செய்வாள். அது மட்டுமல்ல, வெளி மின்சாரம் திரும்பி வரும்போது யாராவது மெயினைத் தூக்கிவிட்டால், இரண்டு மின்சாரமும் மோதும். ஜெனரேட்டர் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். மறந்தாலும் தவறு நடக்க முடியாதபடி ஒரு ஏற்பாடு வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செய்வது அதைத்தான். ஒரு பக்கம் திருப்பினால் தெரு மின்சாரம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க அதன் உடலமைப்பே இடம் தராது.

டெஸ்ட் பட்டன் சொன்னதும் சொல்லாததும்

ஜெனரேட்டர் ஓடும்போது பட்டனை அழுத்திப் பார்த்தீர்கள் என்றதும் உங்கள்மேல் மதிப்பு கூடியது. பலர் அதைச் செய்வதே இல்லை. ஆனால் அந்தப் பட்டன் உங்களுக்குச் சொன்ன பதிலை நீங்கள் புரிந்துகொண்டது சரியல்ல.

எர்த் லீக்கேஜ் என்ன செய்கிறது? லைவ் கம்பியில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. போனதைவிடத் திரும்பியது 30 மில்லி ஆம்பியர் குறைவாக இருந்தால், அது யாரோ ஒருவரின் உடல் வழியாகப் பூமிக்குப் போகிறது என்று கொண்டு இணைப்பைத் துண்டிக்கிறது. பூமிக்குப் போன மின்சாரம் மூலத்துக்குத் திரும்ப வழி இருந்தால்தான் அது ஓடும். தெரு மின்சாரத்தில் அந்த வழி உண்டு. நியூட்ரல் பூமியோடு கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் மெயினை அணைத்ததும், லைவோடு நியூட்ரலும் சேர்ந்தே துண்டாகிறது. அந்தக் கட்டும் போய்விடுகிறது. கையால் தூக்கிப்போகும் சிறு ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் எதனோடும் கட்டப்படாமல் மிதக்கிறது.

மிதந்தால் என்ன, முதல் முறை தொட்டால் ஷாக் அடிக்காதே என்பார்கள். அடிக்காது. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஃபிரிட்ஜுக்குள் ஒரு நியூட்ரல் கம்பி தேய்ந்து உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் விழாது, யாருக்கும் தெரியாது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகொரு நாள் யாராவது லைவைத் தொடுகிறார். மின்சாரம் அவர் உடல் வழியாக எர்த்துக்குப் போய், ஃபிரிட்ஜ் வழியாக நியூட்ரலுக்கு ஏறி, எர்த் லீக்கேஜுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. போனதும் வந்ததும் சமம். கணக்கு சரியாக இருப்பதால் அது விழாது.

டெஸ்ட் பட்டன் பூமியை நம்பி வேலை செய்வதில்லை. பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக லைவிலிருந்து நியூட்ரலுக்குக் குறுக்கே கொஞ்சம் மின்சாரத்தை அனுப்பி, கணக்கைத் தானே குலைத்துக் காட்டுகிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் விழும். உள்ளே உள்ள பொறி துருப்பிடிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஜெனரேட்டரில் ஓடும்போது உங்களைக் காப்பாற்றும் என்பதற்கு அது சாட்சி அல்ல.

இதற்குத் தீர்வு, ஜெனரேட்டர் பக்கத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் முறையாகக் கட்டுவது. அந்தக் கட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்சின் ஜெனரேட்டர் நிலையில் மட்டும் செயல்பட வேண்டும். தெரு மின்சாரத்தில் இருக்கும்போது இரண்டாவது கட்டாக நிற்கக்கூடாது. சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றவேண்டும். இணையத்தில் காணொளி பார்த்துக் கொழுந்தனார் இதைச் செய்ய முயலவேண்டாம். சரியாகச் செய்தோமா என்பதைக் கருவி வைத்து அளந்தால்தான் தெரியும்.

சான்றிதழ் யாருக்காக?

1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009-இல் வந்த மின் நிறுவல் ஒழுங்குவிதிகள்தான் நம் தென்னாப்பிரிக்காவில் வீட்டு வயரிங்குக்குச் சட்டம். வயரிங்கின் பாதுகாப்புக்கு அதைப் பயன்படுத்துபவரோ வாடகைக்கு விடுபவரோதான் பொறுப்பு என்று அவை சொல்கின்றன. நீங்கள் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். எனவே வயரைச் செய்தது கொழுந்தனாராக இருந்தாலும் வீட்டின் பாதுகாப்புக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்களும் உங்கள் கணவரும். இருக்கும் வயரிங்கில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலோ மாற்றினாலோ அந்தப் பகுதிக்குச் சான்றிதழ் வேண்டும். அதைத் தொழிலாளர் துறையில் பதிவுபெற்றவர் மட்டுமே தரமுடியும். ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு அதற்குரிய பதிவு உள்ளவர் போதும். வேலை எஸ்.ஏ.என்.எஸ். 10142-1 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரத்தின்படி இருக்கவேண்டும். வீட்டை விற்கும் நாளிலும் இரண்டு ஆண்டுக்குள் எடுத்த சான்றிதழ் கேட்கப்படும். காப்பீடு வைத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வயரிங் சட்டப்படி இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை மீறிய நிலையில் தீ வந்தால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் கால் வைக்காமலே காகிதத்தில் கையெழுத்துப் போட்டு விற்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு உங்களைவிடக் கோபம் வருகிறது. சான்றிதழோடு சோதனை அறிக்கையும் சேர்ந்தே வரவேண்டும். எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன், எர்த் லீக்கேஜ் விழும் அளவு என்று அளந்த எண்கள் அதில் இருக்கவேண்டும். ஒரே ஒரு விலையை வைத்து முடிவு செய்யாமல், பதிவுபெற்ற மூன்று பேரிடம் எழுத்தில் கேளுங்கள். சுவிட்ச், ஜெனரேட்டர் வயரைச் செருக வெளிச்சுவரில் மூடி உள்ள இன்லெட், கேபிள், நியூட்ரல்-எர்த் கட்டு, டி.பி. பெட்டியில் ஒட்டும் அறிவிப்புப் பலகை, சோதனை, சான்றிதழ் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கவேண்டும். பதிவு அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதல் வழிக்குச் செலவு மிகக் குறைவு, இன்றே செய்யலாம். வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கம்பி உள்ள எக்ஸ்டென்ஷன் வயரை வெளியிலுள்ள ஜெனரேட்டரிலிருந்து நேராகக் கொண்டுவந்து கான்சென்ட்ரேட்டரையும் ஃபிரிட்ஜையும் அதில் செருகுங்கள். சுருளாகச் சுற்றி வைக்காமல் முழுவதும் விரித்துவிடவேண்டும். சுருளில் சூடு தங்கி உருகிவிடும். கதவிடுக்கில் நசுங்கக்கூடாது. சிறு ஜெனரேட்டர்கள் இப்படி ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை.

இரண்டாவது, பணம் சேர்ந்ததும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அப்போதும் வீடு முழுவதும் எரியவேண்டும் என்று ஆசைப்படவேண்டாம். 3.5 கேவிஏ என்று மேலே எழுதியிருந்தாலும் தொடர்ந்து தரக்கூடியது பெரும்பாலும் 2.8 கிலோவாட் அளவுதான், ஏறக்குறைய 12 ஆம்பியர். உங்கள் கான்சென்ட்ரேட்டர் 350 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது குறைவாக இழுத்தாலும் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். விளக்குகள் சொற்பம். இவற்றுக்குத் தாராளமாகப் போதும். கீசர், அடுப்பு, கெட்டில் மூன்றையும் அந்தப் பக்கம் சேர்க்கவே கூடாது. மலிவான ஜெனரேட்டரில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். கான்சென்ட்ரேட்டர் அதைத் தாங்குமா என்று அதைக் கொடுத்த நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் உங்கள் வீட்டுக்கு நான் அதிகம் விரும்புவேன். இரவில் பெட்ரோல் என்ஜினைக் கிளப்ப ஒரு பெண் தனியாக மழையில் வெளியே போகவேண்டியிருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. கான்சென்ட்ரேட்டருக்கு மட்டும் சிறு இன்வெர்ட்டரும் பாட்டரியும் வைத்தால், மின்சாரம் போனது தெரியாமலே மாமியார் தூங்குவார். கணக்கைப் பார்த்து வாங்குங்கள். 350 வாட் இரண்டரை மணி நேரம் ஓட 875 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பாட்டரி காகிதத்தில் 1,200 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும், ஆகக் கைக்கு வருவது 600. ஒன்று போதாது. அதே அளவு லித்தியம் பாட்டரி என்றால் ஒன்று போதும், விலைதான் கூடுதல். நீண்ட தடைக்கு மட்டும் பகலில் ஜெனரேட்டர். பாட்டரி, ஜெனரேட்டர் இரண்டும் தோற்றுப்போகும் நாளுக்கு, கையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கட்டும். எத்தனை லிட்டர் வைக்கவேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

பெட்ரோலைப் பற்றி ஒன்று மட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதும், நிறுத்திச் சூடு ஆறுவதற்கு முன்பும் ஊற்றக்கூடாது. கேனை வீட்டுக்குள், அதிலும் ஆக்சிஜன் இருக்கும் அறைப்பக்கம் வைக்கவே கூடாது.

கொழுந்தனாரிடம்

அவர் செய்தது அண்ணி தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்ற பிரியத்தால். அதை முதலில் சொல்லிவிடுங்கள். “நீங்கள் செய்தது தப்பு” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “நான் இல்லாத நாளில் பாப்பாதான் இதைத் தொடவேண்டியிருக்கும், அதை நினைத்துப் பயமாக இருக்கிறது” என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பிறகு அவருக்கு வேலை கொடுங்கள். வெளியே ஜெனரேட்டருக்குக் கான்கிரீட் மேடை போடவேண்டும், கூரை போடவேண்டும், ஆயில் மாற்றவேண்டும், எலெக்ட்ரீஷியன் வரும் நாளில் கூட நிற்கவேண்டும். கை வேலை தெரிந்தவர் இதில் மனம் சுணங்கமாட்டார்.

அந்த வயரை அலமாரியில் பத்திரப்படுத்தவேண்டாம். இருந்தால் ஒருநாள் யாராவது எடுப்பார்கள். நல்ல மூன்று கம்பிக் கேபிளாக இருந்தால், ஒரு முனையின் பிளக்கை அவரையே வெட்டி எறிந்துவிட்டு, அங்கே துளை உள்ள சாக்கெட்டைப் பொருத்தச் சொல்லுங்கள். முதல் வழிக்கு வேண்டிய எக்ஸ்டென்ஷன் அதுவே ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பகலில், மாமியார் விழித்திருக்கும்போது, அதில் கான்சென்ட்ரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.